வீட்டில் பிரா தைக்கப் பழக எந்த வழி: இருப்பதைப் பார்த்து வெட்டவா, பேட்டர்ன் வாங்கவா, நாமே வரையவா?

வீட்டிலேயே பிரா தைக்கக் கற்றுக்கொள்ள முடிவு செய்துவிட்டால், துணியைத் தொடும் முன் தீர்மானிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வெட்டுவதற்கான பேட்டர்ன், அதாவது ஒவ்வொரு துண்டின் வடிவத்தையும் வரைந்த தாள், எங்கிருந்து வரப் போகிறது? நன்றாகப் பொருந்தும் ஒரு பிராவைப் பார்த்து அதே மாதிரி வெட்டலாம். தேர்ந்தவர்கள் வரைந்து விற்கும் பேட்டர்னை வாங்கலாம். அல்லது உடலை அளந்து தாளில் நாமே வரையலாம். மூன்று வழியிலும் அருமையாகத் தைப்பவர்கள் இருக்கிறார்கள். மூன்றிலும் பாதியில் விட்டவர்களும் இருக்கிறார்கள்.

பொதுவாக எது சுலபம் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம். நான் வேறொன்றைப் பார்க்கச் சொல்வேன். முதல் பிரா பெரும்பாலும் சரியாக அமையாது. அப்படி அமையாதபோது தப்பு அளவிலா, வெட்டியதிலா, தைத்ததிலா, துணியிலா என்று எந்த வழியில் சீக்கிரம் தெரியவருமோ, அதுதான் உங்களுக்கு ஏற்ற வழி. ஆளுக்கு ஆள் இது மாறும். அதனால்தான் மூன்றையும் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். பணம் மிச்சமாகும் என்று நினைத்து இதில் இறங்க வேண்டாம். துணி, எலாஸ்டிக், ஹூக், வளையம், கப்பின் அடிவளைவில் செருகும் வயர் என்று எல்லாம் வாங்கி, சோதனைக்காகத் தைத்துப் பார்ப்பதையும் கணக்கில் சேர்த்தால் முதல் பிரா கடையில் வாங்குவதைவிட அதிகச் செலவுதான் வைக்கும். இதில் கிடைக்கும் உண்மையான லாபம் பொருத்தம். நாள் முழுக்கத் தோளில் பள்ளம் விழ, விலா எலும்பில் வயர் குத்த, அதையெல்லாம் பெண்ணாகப் பிறந்ததன் பகுதி என்று பொறுத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் ஏராளம். அது தேவையே இல்லாத வலி. அந்த வலி தீர வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடை அளவு ஏன் ஏமாற்றுகிறது

கப் அளவை ஏ, பி, சி, டி என்று எழுத்தால் குறிக்கும் பழக்கத்தை 1932-இல் எஸ்.எச். கேம்ப் என்ற அமெரிக்க நிறுவனம் கொண்டுவந்தது. இந்த எழுத்துக்குத் தனியாக எந்த அளவும் கிடையாது. பக்கத்தில் இருக்கும் எண்ணோடு சேர்த்துப் படித்தால்தான் அர்த்தம். 32 டி, 34 சி, 36 பி மூன்றிலும் கப்பின் கொள்ளளவு ஒன்றுதான், மார்புக்குக் கீழே உடம்பைச் சுற்றும் பட்டையான சுற்றுப்பட்டையின் நீளம்தான் வேறு. அதனால் "நான் சி கப்" என்று மட்டும் சொன்னால் அதை வைத்து எதையும் வெட்ட முடியாது.

அந்த எண்ணும் எழுத்தும் சொல்லாமல் விடுபவை இன்னும் நிறைய. மார்பு உடலோடு சேரும் அடிவளைவு சிலருக்கு அகலமாக இருக்கும், சிலருக்குக் குறுகலாக இருக்கும். சிலருக்குச் சதை மேல்பக்கம் நிறைந்திருக்கும், சிலருக்குக் கீழ்ப்பக்கம். ஒரே கொள்ளளவு உள்ள இருவரில் ஒருவருக்கு மார்பு முன்னால் நீண்டும் இன்னொருவருக்குப் பரந்தும் இருக்கலாம். இடமும் வலமும் ஒரே அளவாக இல்லாதவர்கள் மிகப் பலர். கடைப் பிரா ஒரு வடிவத்தைத்தான் வைத்துக்கொண்டு பெரிதாக்கிச் சிறிதாக்கித் தருகிறது.

இனி வடிவம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 1914-இல் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற அமெரிக்கப் பெண் தன் பிராவுக்குக் காப்புரிமை வாங்கினார். அதை முதலில் அவர் வீட்டில்தான் செய்து பார்த்தார், இரண்டு பட்டுக் கைக்குட்டைகளையும் ரிப்பனையும் சேர்த்துத் தைத்து. நமக்கு முன்னோடி அவர்தான் என்று சொல்வதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் தட்டையான கைக்குட்டை கிண்ணமாக வளையாது. இரண்டு வளைந்த விளிம்புகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்கும்போதுதான் துணி முன்னால் எழும். விளிம்பின் வளைவு கூடினால் கப் ஆழமாகும், குறைந்தால் தட்டையாகும். பிரா பேட்டர்னின் மொத்த ரகசியமும் இந்த வளைவில் இருக்கிறது. சில மில்லிமீட்டர் மாறினாலே உடம்பில் தெரியும். மூன்று வழிகளுக்கும் உள்ள வித்தியாசம், இந்த வளைவை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான்.

இருப்பதைப் பார்த்து வெட்டுவது

உங்களிடம் நன்றாகப் பொருந்தும் பிரா ஒன்று இருக்கிறதா? இருந்தால், அது கப்பில் தையல் கோடுகள் உள்ள பிராவாக இருந்தால், இந்த வழியைத் தாராளமாக எடுக்கலாம். பொருத்தம் ஏற்கெனவே உடம்பில் நிரூபணமாகிவிட்டது. நீங்கள் தைத்தது சரியாக வரவில்லை என்றால் வடிவத்தைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. பிரதியெடுத்ததிலோ, தையலிலோ, துணியிலோதான் கோளாறு. தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

ஒட்டுத் தையலே இல்லாத ஸ்பாஞ்ச் கப் இந்த வேலைக்கு உதவாது. அது சூட்டில் அச்சு வைத்து வளைத்தது. அதைத் தாளில் தட்டையாக விரிக்க முடியாது.

பிரதியெடுக்க இரண்டு விதம் உண்டு. நைந்துபோன பிராவாக இருந்தால் தையலைப் பிரித்துத் துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொன்றையும் தாளில் வைத்துக் கோடு போடலாம். இன்னும் போட்டுக்கொள்ளும் பிராவாக இருந்தால் பிரிக்க வேண்டாம். மெத்தென்ற பலகையில் தாளை விரித்து, அதன்மேல் ஒரு துண்டைச் சுருக்கமில்லாமல் வைத்து, தையல் கோட்டின் வழியே குண்டூசியை நெருக்கமாகக் குத்திக்கொண்டே போனால் தாளில் புள்ளிகள் விழும். அவற்றை வளைவாக இணைத்தால் அதுதான் தையல் கோடு. அதற்கு வெளியே தையலுக்கு 6 மில்லிமீட்டர் விட்டு வெட்டுகோடு போட வேண்டும். இடது வலது இரண்டையும் எடுக்கத் தேவையில்லை, ஒரு பக்கம் போதும்.

எலாஸ்டிக் வைத்துத் தைத்த ஓரம் துணியைச் சுருக்கி வைத்திருக்கும். அப்படியே கோடு போட்டால் பின்பட்டை குட்டையாக வந்துவிடும். துணி சுருக்கமில்லாமல் நிமிரும் வரை இழுத்துப் பிடித்துத்தான் குண்டூசி குத்த வேண்டும். அதே சமயம், நாள்பட்ட பிராவின் பட்டை தளர்ந்து நீண்டும் போயிருக்கும். ஆகவே பின்பட்டையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். கப்பையும், கப் உட்காரும் சட்டத்தையும், இரண்டு கப்புக்கும் இடையே வரும் நடுத்துண்டையும் நம்பலாம், பட்டையின் நீளத்தை உடம்பில் வைத்துப் பார்த்துச் சரி செய்ய வேண்டும்.

எடுத்து முடித்ததும், ஒன்றோடொன்று சேரப்போகும் விளிம்புகளை அளந்து பாருங்கள். வெட்டுகோட்டில் அல்ல, தையல் கோட்டில் அளக்க வேண்டும். மேல் கப்பின் கீழ்விளிம்பும் கீழ்க் கப்பின் மேல்விளிம்பும் ஒரே நீளம் இருக்க வேண்டும். கப்பின் சுற்றளவு சட்டத்தின் வளைவோடு சேர வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத பேட்டர்னைத் துணியில் வெட்டுவது வீண்.

இந்த வழியில் கிடைக்கும் பெரிய லாபம் படிப்பு. ஒரு பிராவைப் பிரித்துப் பார்த்தால் எந்தத் தையல் முதலில், எது கடைசியில், எங்கே இரண்டு அடுக்கு, எங்கே எலாஸ்டிக் எந்தப் பக்கம் என்று எல்லாமே கையில் இருக்கும். நஷ்டம் என்னவென்றால், அந்தப் பிராவின் குறையும் கூடவே வரும். அந்த ஒரே வடிவம்தான் கிடைக்கும். அதோடு, மூலப் பிராவின் துணி எவ்வளவு இழுபடுமோ அதே அளவு இழுபடும் துணியை நீங்கள் தேடிப் பிடித்தாக வேண்டும்.

பேட்டர்ன் வாங்குவது

பொருத்தமான பிரா என்று ஒன்றைப் போட்டதே இல்லை என்பவர்களுக்கு இதுதான் வழி. இப்படிப்பட்டவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

நல்ல பேட்டர்னில் வெறும் வடிவம் மட்டும் இருக்காது. எந்தத் துண்டுக்கு இழுபடாத துணி, எதற்கு எவ்வளவு இழுபடும் துணி, எந்த வயர், எத்தனை மில்லிமீட்டர் அகல எலாஸ்டிக், எந்த வரிசையில் தைப்பது என்று எல்லாம் எழுதியிருக்கும். தைக்கத் தெரிந்தும் பிரா தைக்காதவர்களுக்கு இந்தக் குறிப்புகள் பெரிய துணை. தொடங்குபவர்கள் பலரும் எடுப்பது க்ளாத் ஹாபிட் என்ற நிறுவனம் வெளியிட்ட வாட்சன் பேட்டர்ன். அது வயர் இல்லாதது. அதே நிறுவனத்தின் ஹேரியட் வயர் வைத்தது. ஒன்றில் பழகி மற்றதற்குப் போனால் குறிப்பு எழுதும் பாணி புதிதாக இருக்காது.

அளவு எடுக்கும்போது நீங்கள் வாங்கிய பேட்டர்னை வெளியிட்ட நிறுவனம் சொல்லும் முறையை அப்படியே பின்பற்றுங்கள். மார்புக்குக் கீழே எடுத்த சுற்றளவோடு சிலர் சில அங்குலங்களைக் கூட்டச் சொல்வார்கள், சிலர் கூட்டச் சொல்ல மாட்டார்கள். ஆகவே கடையில் வாங்கும் எண்ணை இங்கே கொண்டுவந்தால் குழப்பம்தான் மிஞ்சும். வேறு எண் வந்தால் பயப்படவும் வேண்டாம்.

அப்புறம், நேராக நல்ல துணியில் வெட்டாதீர்கள். அதே மாதிரி இழுபடும் சாதாரணத் துணியில் ஒன்று தைத்துப் பாருங்கள். அலங்கார ஓரம் எதுவும் தேவையில்லை. ஆனால் கீழ் எலாஸ்டிக், ஹூக், ஸ்ட்ராப், வயர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் அது காட்டும் பொருத்தம் பொய்யாக இருக்கும்.

போட்டுப் பார்க்கும்போது பட்டையிலிருந்து ஆரம்பியுங்கள். மார்பின் எடையில் பெரும்பகுதியைச் சுற்றுப்பட்டைதான் தாங்க வேண்டும், தோள் அல்ல. முதுகுப் பக்கம் பட்டை மேலேறினால் அது தளர்வு. ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தாலும் பட்டை இடத்தில் நிற்க வேண்டும். பட்டை சரியான பிறகு நடுத்துண்டைப் பாருங்கள். வயர் வைத்த பிராவில் அது நெஞ்செலும்பில் படிய வேண்டும். படியாமல் தூக்கி நின்றால் பெரும்பாலும் கப் சிறிது அல்லது ஆழம் போதவில்லை. கப்பின் அடியில் வயர் ஓரமாக மடிப்பு விழுந்தால் உடனே "கப் பெரிது" என்று நினைக்கத் தோன்றும். பல நேரம் உண்மை இதற்கு நேர்மாறு. ஆழம் போதாததால் மார்பு அடிவரை இறங்காமல் முன்னால் தள்ளப்பட்டு, கீழே காலி இடம் விழுந்திருக்கும். அப்போது கப்பைச் சிறிதாக்கினால் நிலைமை மோசமாகும். கீழ்க் கப்பின் வளைவைக் கூட்ட வேண்டும். மேல் கப் மட்டும் தொளதொள என்று நின்றால் அங்கே மட்டும் பிடித்தால் போதும்.

இந்தத் திருத்தங்களுக்காகவே மூன்று துண்டு கப் உள்ள பேட்டர்னை நான் விரும்புகிறேன். ஒவ்வொரு தையலும் திருத்துவதற்குக் கிடைக்கும் ஒரு இடம். இரண்டு துண்டு கப்பில் தைப்பது சீக்கிரம் முடியும், திருத்த இடம் குறைவு.

வாங்கிய பேட்டர்னின் குறை, அதை வரைந்தவர் மனதில் இருந்த உடல் உங்களுடையதாக இருக்காது என்பது. அதனால் சில முறை தைத்துப் பார்க்கும் பொறுமை வேண்டும். ஆனால் துணியும் தையல் முறையும் பேட்டர்னோடு ஒத்துப்போவதால், தப்பு வந்தால் பெரும்பாலும் பொருத்தத்தில்தான் இருக்கும். தேட வேண்டிய திசை தெரியும்.

நாமே வரைவது

மூன்றில் மிகவும் கவர்ச்சியானது இது. மார்புக்கு மேல், மார்பின் மேல், மார்புக்குக் கீழ் என்று சுற்றளவுகள், இரண்டு முனைகளுக்கும் இடையே உள்ள தூரம், முனையிலிருந்து அடிவளைவு வரை சதையின் மேலாக எடுத்த நீளம், அடிவளைவின் அகலம். இவற்றை எடுத்து வட்டமும் வளைவும் வரைந்து, அடிவளைவுக்கு ஏற்ற வயரைத் தேர்ந்து, கப்பை உருவாக்குவது நிறைவு தரும் வேலை.

ஆனாலும் முதல் பிராவுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மென்மையான உடம்பில் அளவு நாடா ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு எண் காட்டும். நிமிர்ந்து நின்றால் ஒன்று, குனிந்தால் ஒன்று. அந்த எண்ணில் வரைந்து, அனுபவமில்லாத கையால் வெட்டி, பழக்கமில்லாத துணியில் தைத்து, அது பொருந்தவில்லை என்றால் தப்பு எங்கே? நான்கு இடத்திலும் இருக்கலாம். எதைத் திருத்துவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் திருத்தப் போய், கடைசியில் தன் உடம்பின் மேலேயே கோபம் வந்துவிடும். உடம்பில் ஒரு தப்பும் இல்லை.

விதிவிலக்கு உண்டு. இரண்டு பக்கத்துக்கும் அளவு வித்தியாசம் மிக அதிகமாக இருப்பவர்கள், மார்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், விற்கப்படும் எந்தப் பேட்டர்னின் அளவுக்குள்ளும் வராதவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் வரைந்துதான் ஆக வேண்டும். அவர்களும் ஒரு வாங்கிய பேட்டர்னை அடிப்படையாக வைத்துக்கொண்டு, இடது வலது கப்பைத் தனித்தனியாக மாற்றி வரைவது நல்லது. சட்டத்தையும் பட்டையையும் தையல் வரிசையையும் பேட்டர்ன் பார்த்துக்கொள்ளும், நீங்கள் கப்பில் மட்டும் கவனம் வைக்கலாம். செயற்கை மார்பு வைப்பவர்கள் கப்பின் உள்பக்கம் மென்மையான காட்டன் பின்னல் துணியில் ஒரு பை தைத்துக்கொள்ளலாம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வயர் வைத்தது போடலாமா, எப்போது போடலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

வயர் வைத்ததா, இல்லாததா

எல்லாரும் வயர் இல்லாததில் ஆரம்பிக்கச் சொல்வார்கள். வேலை குறைவு என்பது உண்மை. வயர் செருகும் பட்டியைத் தைக்க வேண்டாம், வயர் அளவு தேட வேண்டாம். சிறிய, நடுத்தர மார்பு உள்ளவர்களுக்கு அது நல்ல ஆலோசனைதான்.

கனமான மார்பு உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். தாங்கும் சக்தியை வயர் இல்லாமல் கொண்டுவர அகலமான பட்டை, இறுக்கமான பவர்நெட் (இழுத்தால் திரும்பி இறுகும் வலைத்துணி), இழுபடாத லைனிங் கொடுத்த கப் எல்லாம் வேண்டும். இவை இல்லாத மெல்லிய வலைத்துணிப் பிராவை முதலில் தைத்தால் அது தாங்காது. "எனக்குத் தைக்க வரவில்லை" என்று ஒதுக்கி வைத்துவிடுவார்கள். அவர்கள் நேராக வயர் வைத்ததையே எடுக்கலாம். பட்டி தைப்பது பார்க்கப் பயமாக இருந்தாலும் அது நிதானமாகப் போகும் இரண்டு நேர்த் தையல்தான். வயர் உள்ளே நெருக்கமாக முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, இரண்டு முனையிலும் சுமார் 6 மில்லிமீட்டர் இடம் விட்டு, பட்டியின் வாயை நெருக்கமான ஜிக்ஜாக்கால் (வளைந்து வளைந்து போகும் தையலால்) அடைக்க வேண்டும். இந்த இடம் இல்லாவிட்டால் வயர் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

துணியும் மிஷினும்

துணியும் எலாஸ்டிக்கும் மற்ற பொருட்களும் சேர்ந்து வரும் கிட் முதல் முறைக்கு நல்லது. எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி தேர்ந்தெடுத்தவை. தனித்தனியாக வாங்குவது பழகிய பிறகு.

தனியாக வாங்கினால் இழுபடும் அளவைச் சோதிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். துணியில் 10 சென்டிமீட்டர் குறித்து, முழுக்க இழுத்து அளந்தால் 13 வந்தால் அது 30 சதவீதம் இழுபடும் துணி. அதிகமாக இழுபடும் திசை பின்பட்டையில் உடம்பைச் சுற்றி வர வேண்டும். நடுத்துண்டும் சட்டமும் இழுபடவே கூடாது. அங்கே இழுபடும் துணி இருந்தால் அடியில் இழுபடாத லைனிங் கொடுத்தாக வேண்டும். பொருந்தாத பிராக்களில் பல இந்த ஒரு இடத்தில்தான் கெட்டுப்போகின்றன.

மிஷினில் ஜிக்ஜாக் இருந்தால் போதும், ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் தேவையில்லை. நேர்த் தையல் மட்டும் போடும் மிஷினில் கப்பைத் தைக்கலாம், எலாஸ்டிக் தைக்க முடியாது. இழுத்ததும் நூல் அறுந்துவிடும். நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். இழுபடும் துணிக்கென்றே வரும் 75 எண் ஊசியைப் போடுங்கள். எலாஸ்டிக்கை இரண்டு முறை தைக்க வேண்டும்: முதலில் துணியின் நல்ல பக்கத்தில் வைத்து ஜிக்ஜாக், பிறகு உள்பக்கம் மடித்து மறுபடி ஜிக்ஜாக் அல்லது மூன்று படி ஜிக்ஜாக் (ஒவ்வொரு சாய்வையும் மூன்று சிறு தையலாகப் போடுவது). கீழ்ப்பட்டையில் லேசாக இழுத்துப் பிடிக்கலாம், கழுத்துப் பக்கம் இழுக்காமல் வைக்க வேண்டும்.

ஆக, தையல் கோடு உள்ள நல்ல பிரா ஒன்று இருந்தால் அதைப் பிரதியெடுங்கள். இல்லையென்றால் மூன்று துண்டு கப் உள்ள பேட்டர்னை வாங்குங்கள். வரைவதற்கு அடுத்த வருடம் கூட இருக்கிறது. எந்த வழியாக இருந்தாலும் அடுத்தடுத்த பிராவில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். பேட்டர்னைத் திருத்தினால் துணி பழையதாகவே இருக்கட்டும், துணியை மாற்றினால் பேட்டர்னைத் தொடாதீர்கள். என்ன மாற்றினீர்கள், எந்தத் துணி, எந்த அளவு வயர் என்று தேதியோடு பேட்டர்ன் தாளிலேயே எழுதி வைத்துவிடுங்கள். உடம்பு மாறும்போது, மாறத்தான் செய்யும், அந்தத் தாளை எடுத்து அங்கிருந்தே தொடரலாம்.